இன்ஜின் கேட்ட சண்டை

“எழவுச் சவாரிக்கு மட்டும் என் வண்டி இழுக்கறதில்லீங்க, மேடம்” என்றார் மயில்சாமி.

கோயமுத்தூரில், நொய்யல் இன்ஜின்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர் அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். சொந்த வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறவர். எதிரே அமர்ந்திருந்த பூங்கோதை இன்ஜின் ஆய்வுப் பிரிவின் பொறியாளர். சர்வீஸ் சென்டரில் சிரித்துக்கொண்டே ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று எழுதி அனுப்பிய புகார்கள் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும்.

“கல்யாணச் சவாரிக்குப் போறப்ப?”

“அதெல்லாம் ஜம்முன்னு போகுதுங்க. சாவு வீட்டுக்குப் போறப்ப, ஏத்தமா இருந்து, உள்ள பொம்பளைங்க அழுக ஆரம்பிச்சாங்கன்னா முடிஞ்சுதுங்க. பின்னாடி ஆரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி ஆயிருது. ஆக்ஸிலேட்டர எத்தன மிதிச்சாலும் அது பாட்டுக்கு மொனகிட்டே கெடக்குது.”

“ஆம்பளைங்க சத்தம் போட்டா?”

“எங்க சித்தப்பன் குடிச்சுப்போட்டு மருதமலை அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் என்னைய வஞ்சுட்டே வந்தாருங்க. வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் காது போச்சு.”

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அது நின்றுவிட்டது.

“அதனால இப்பெல்லாம் ஏறும்போதே சொல்லிப்போடறதுங்க. அம்மிணிகளா, எறங்கற வரைக்கும் ஆரும் அழுகாதீங்க, எறங்கினப்பறம் எத்தன வேணும்னாலும் அழுதுக்கங்கன்னு. போன வாரம் ஒரு புள்ள, செத்துப்போன அப்பனப் பாக்கப் போறா. சேலைத் தலப்ப வாயில திணிச்சுக்கிட்டே வந்துதுங்க. எனக்கு வண்டி ஓட்டவே கை வரல.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸ்டாண்டுல எல்லா டிரைவருக்கும் இது தெரியுமுங்க. உங்க கம்பெனிக்கு மட்டுந்தான் தெரியல. என்னமோ பட்டை வச்சிருக்கீங்களாமா?”

“செவிப்பட்டைங்க.”

அந்தப் பட்டையைப் பற்றி அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவள் கணவன் தாமோதரன். அதன் கண்டுபிடிப்பு உரிமையில் இருவர் பெயரும் இருந்தன.

“சிலிண்டருக்குள்ள பிளக் பொறி வச்சதும் பெட்ரோல் ஒரு ஓரத்துல பத்தி, வரிசையா எரிஞ்சுட்டே போகணுங்க” என்று அவள் விளக்கினாள். “சில நேரம் சூடும் அழுத்தமும் தாங்காம அந்தக் கடைசி மூலை தானாவே வெடிச்சுரும். அப்ப டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க.”

“நாக்கிங். இன்ஜின் தட்டுதுன்னு சொல்லுவோம்.”

“அதேதான். விட்டா பிஸ்டன் ஓட்டையாயிரும். இப்ப பெட்ரோல்ல கரும்புச் சாராயம், மக்காச்சோளச் சாராயம்னு பெட்ரோல் பங்க்குக்குப் பங்க் ஒரு கலவை போடறாங்க. எது எப்பத் தட்டும்னு ஆருக்கும் தெரியாது. எங்க பட்டை இன்ஜினக் காது வச்சுக் கேட்டுட்டே இருக்கும். தட்டப் போகுதுன்னு தெரிஞ்சதும் பொறியக் கொஞ்சம் தள்ளிப் போடும். அந்த நேரத்துக்கு வண்டிக்கு இழுவை கொறையும், ஆனா இன்ஜின் தப்பிச்சுக்கும்.”

மயில்சாமி முன்னால் சாய்ந்தார். “இன்ஜினக் கேக்கறது சரிங்க. பொம்பளைங்க அழுகறத அது எதுக்குக் கேக்குது?”

பல மாதங்களாக அவள் கம்பெனியிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியும் அதுதான்.

*

தலைமைப் பொறியாளர் பிரபாகர் கெட்டவர் இல்லை. அவள் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்தி வரை இருந்து போனவர். ஆனால் புகாரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் என்னவென்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

“பிஸ்டன் உடையறது நின்னே போச்சு. மைலேஜ் ஏறியிருக்கு. இது இல்லாம வண்டி விக்கக் கூடாதுன்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. இந்த நேரத்துல, பொம்பளை அழுதா வண்டி நிக்குதுன்னு நான் மேல எழுதி அனுப்பணுமா, பூங்கோதை?”

“நின்னா எழுதித்தானே ஆகணும் சார்.”

“எப்படி நிக்கும்? அதையாவது சொல்லு.”

“இன்ஜின் தட்டற சத்தத்த மட்டும் பட்டைக்குக் கத்துக் குடுக்க முடியாது சார். தட்டல் இல்லாத சத்தத்தையும் கத்துக் குடுக்கணும். மழை, ஹாரன், சரளைக்கல்லு, பேச்சு, எல்லாம். அதுக்காக வண்டிக்குள்ளயும் பதிவு பண்ணினோம். அதுல எங்கயோ ஒரு பொம்பளைக் குரல் உயர்ந்ததும் ஆக்ஸிலேட்டர் ஓங்கி மிதிபட்டிருக்குது. இன்ஜின் தட்டியிருக்குது. மறுபடி மறுபடி அப்படியே நடந்திருக்குது. இது ரெண்டையும் முடிச்சுப் போட்டுக்கிச்சு. இப்ப குரல் உயர்ந்தாலே, மிதிக்கப் போறாங்கன்னு முன்கூட்டியே பொறியத் தள்ளி வைக்குது.”

“ஊகம்.”

“பதிவத் திறந்து கேட்டா ஊகம் இல்ல.”

பிரபாகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “போன மாசம் டாக்சியில ஒரு பொண்ணக் கடத்தப் பாத்தாங்க. அவ கத்தினா, வண்டி மெதுவாச்சு, குதிச்சுத் தப்பிச்சா. பேப்பர்லயே வந்துச்சு. நீ சொல்றது நெசம்னா அந்தப் பொண்ணக் காப்பாத்தினதும் நம்ம பட்டைதானே. அதையும் சேத்து எடுத்துரலாமா?”

“தப்பிச்சு ஓடற பொண்ணே வண்டி ஓட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் சார்?”

பிரபாகர் புகார்த் தாளை அவள் பக்கம் தள்ளினார். “திறக்க யாரோட சம்மதம் வேணும்னு உனக்கே தெரியும். அதோட வா. மீட்டிங் போடறேன்.”

தெரியும். வண்டிக்குள் பதிவான பேச்சை இயந்திரம்தான் கேட்டிருந்தது. மனிதக் காது கேட்க வேண்டுமென்றால் அதில் பேசிய எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்பது சட்டம். சோதனை ஓட்டுநர்கள் தனியாகத்தான் ஓட்டுவார்கள், யாருடனும் பேச மாட்டார்கள். பெண் குரல் பதிவான வண்டி ஒன்றே ஒன்றுதான்.

அது பூங்கோதையும் தாமோதரனும் கல்யாணமான புதிதில் ஓட்டிய கார்.

*

அப்போது கம்பெனி சிறியது. கூடுதலாக ஓட்டுநர் வைக்கப் பணமில்லாததால் பட்டையைத் தங்கள் காரிலேயே பொருத்திக்கொண்டார்கள். பொள்ளாச்சியில் தாமோதரனின் கூட்டுக்குடும்பம். மாமனார், மாமியார், பெரியப்பா வீடு, எந்நேரமும் யாராவது ஒரு விருந்தாளி. புதுமணத் தம்பதிக்கென்று ஓர் அறை இருந்தது. அதன் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பெரியப்பா படுப்பார். அவர் இருமினாலே இங்கே கேட்கும். இங்கே பேசுவது அங்கே கேட்காமலா இருக்கும்?

அதனால் கொஞ்சலையும் சண்டையையும் காருக்கென்று எடுத்து வைத்தார்கள். காலையில் கோயமுத்தூர் கம்பெனிக்குக் கிளம்பும்போது வாசலில் எல்லாருக்கும் சிரித்த முகத்தோடு கையசைத்துவிட்டு, கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் ஒரு சண்டையை ஆரம்பித்து முடித்துவிடுவார்கள். ஈச்சனாரி கோயில் வந்தால் மறுபடி சிரித்த முகம்.

“நம்ம சண்டைய மீட்டிங்ல போட்டுக் காட்டணுமா?” என்று கேட்டான் தாமோதரன்.

இப்போது அவர்கள் கோயமுத்தூரில் தனி வீட்டில் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. இதே பேச்சு இதே மேஜையில் எத்தனை முறை நடந்திருக்கும் என்று அவளுக்குக் கணக்கே இல்லை.

“எல்லாம் வேண்டாங் மாமா. நாலு பதிவு போதும்.”

“எந்த நாலு? எங்கம்மாவப் பத்தி நீ பேசினதா, உங்கப்பாவப் பத்தி நான் பேசினதா? பிரபாகர் சார் நம்ம ரெண்டு பேர் வீட்டுலயும் சாப்பிட்டவரு.”

“ஒரு புள்ள சேலைய வாயில திணிச்சுட்டு அப்பன் பொணத்தப் பாக்கப் போயிருக்குது.”

“நான் இல்லைன்னு சொல்லல. வேற வழி பாரு. கணக்குல நிரூபி.”

“கணக்குல பாத்துட்டேன். குரல் ஏறினா பொறி பின்வாங்குது, அது நல்லாவே தெரியுது. அப்பறம் எதையோ கேட்டதும் சட்டுனு மறுபடி விட்டுக்குடுக்குது. அது என்ன சத்தம்னு திறந்து கேட்டாத்தான் சொல்ல முடியும்.”

“அது நானாத்தான் இருக்கும்.” தாமோதரன் லேசாகச் சிரித்தான். “சண்டைய முடிக்கறது எப்பவும் நான்தானே. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ, நான்தான் எறங்கி வருவேன்.”

பூங்கோதை யோசித்துப் பார்த்தாள். சண்டை ஒவ்வொன்றும் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுவாள். எப்படி முடிந்தது என்றுதான் நினைவுக்கு வரவில்லை. இருக்கலாம். அவன் நல்லவன்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ரசம் வைப்பவன்.

“அப்ப அதைக் கேக்கறதுல உங்களுக்கு என்னங் நஷ்டம்?”

“புருஷன் பொண்டாட்டி தனியாப் பேசினத நாலு பேர் கேக்கக் கூடாது. அவ்வளவுதான். இதுக்கு மேல என்னையக் கேக்காத.” அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகிற போக்கில் அவள் தட்டையும் எடுத்துக்கொண்டான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முழுசாகக் கோபப்படவும் விடமாட்டான்.

அதன்பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. பால் தீர்ந்தால் சொல்வார்கள், கேஸ் வந்தால் சொல்வார்கள். பட்டையைப் பற்றி இருவருமே வாயைத் திறக்கவில்லை.

*

மசினகுடியில் பள்ளி ஆசிரியையாக இருந்த தாமோதரனின் தங்கை மிருதுளாவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர இருவரும் காரில் போனார்கள். அவள் கணவன் வேலையாகப் பெங்களூர் போயிருந்தான். நேராகப் பொள்ளாச்சிக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். மதிய உணவுக்குப் பிறகு கிளம்பினார்கள். கல்லட்டி மலைப்பாதை ஏறி ஊட்டி வழியாகக் கீழே இறங்க வேண்டும்.

பின்சீட்டில் பூங்கோதையோடு உட்கார்ந்திருந்த மிருதுளா, முன்னால் இருந்த அண்ணனையும் பக்கத்தில் இருந்த அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் பேசறதில்லையா?”

“பேசறமே” என்றான் தாமோதரன்.

“கெளம்பினதுல இருந்து ‘லெப்ட்ல திரும்புங்க’ன்னு அண்ணி சொன்னாங்க, நீ ‘ம்’ன்ன. அதுக்குப் பேரு பேச்சா, அண்ணா?”

சோதனைச் சாவடியைத் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மிருதுளா பேச்சை நிறுத்தினாள். அண்ணியின் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி சாதாரணமாக இல்லை.

“அண்ணி. தண்ணி போகுது.”

சீட் நனைந்திருந்தது. அதில் லேசாக இரத்தமும் தெரிந்தது. பூங்கோதை ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். இரத்தம் என்றதும் மறுமுனையில் இருந்த டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. “எங்கயும் நிக்காம நேரா மேல கொண்டு வாங்க. ஆம்புலன்ஸ் கீழ வந்து ஏறணும்னா நேரம் ஆயிரும். தியேட்டர் ரெடி பண்ணி வைக்கிறேன்.”

முதல் சில கொண்டை ஊசி வளைவுகளைக் கார் நன்றாகவே ஏறியது. பிறகு மிருதுளாவுக்கு வலி பிடித்தது. அவள் கத்தினாள்.

கார் தளர்ந்தது.

தாமோதரன் கியரைக் குறைத்து மிதித்தான். மிதித்த மிதிக்கு இன்ஜினில் பதிலே இல்லை. பழைய சுமையெல்லாம் திடீரென்று ஏறிக்கொண்டது போல, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

“பெட்ரோல் சரியில்ல போல” என்றான்.

“பெட்ரோல் இல்லீங் மாமா.”

கண்ணாடியில் அவன் கண்கள் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு விலகின. அவனுக்கும் தெரிந்திருந்தது.

வலி விட்டதும் வண்டி கொஞ்சம் நகர்ந்தது. அடுத்த வலி வந்ததும் மறுபடி ஊர்ந்தது. வளைவின் நடுவே பின்னோக்கி ஒரு அடி நழுவியது. பூங்கோதை துண்டை எடுத்தாள். அவள் கை தானாகவே அதை மிருதுளாவின் வாயருகே கொண்டு போயிற்று.

“கண்ணு, கொஞ்சம் கத்தாம இருந்து பாரு. கத்தினா வண்டி இழுக்காது.”

மிருதுளா துண்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சேலையை வாயில் திணித்துக்கொண்டு போன அந்தப் பெண், முகமே தெரியாத அந்தப் பெண், தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல் பூங்கோதைக்கு இருந்தது. அந்தத் துண்டைத் தன் கையால் கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வலியில் துண்டு கீழே விழுந்தது. “முடியல அண்ணி. கத்தாம எப்படி அண்ணி பெத்துக்கறது?”

“கத்து கண்ணு. நல்லாக் கத்து. நாங்க பாத்துக்கறோம்.”

கார் நின்றுவிட்டது. தாமோதரன் ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். வெப்பமானி சிவப்பைத் தொட்டிருந்தது.

“பட்டையப் புடுங்கிப் போட்டுரட்டுமா?”

“புடுங்கினா இன்ஜின் கம்ப்யூட்டர் காது கேக்கலைன்னு இன்னும் பயந்துக்கும். மொத்தமா அடக்கி வச்சுரும். அந்தப் புரோகிராம எழுதினதே நீங்கதானுங்.”

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். “விட்டுக்குடுக்கற சத்தம்னு சொன்னயே. நம்ம சண்டை முடியற சத்தம். நான் சொல்றேன், இரு.” தொண்டையைச் செருமினான். “சரி பூங்கோதை. தப்பு என்மேலதான். விட்டுரு.”

ஆக்ஸிலேட்டரை அழுத்தினான். கார் முனகியது, நகரவில்லை.

“சரி சாமி, தப்பு என்மேலதான்” என்றான், இன்னும் மென்மையாக. ஒன்றுமில்லை. வேறு மாதிரி சொன்னான். அவள் பெயரைச் செல்லமாகச் சொல்லிப் பார்த்தான். அவன் குரல் உடைந்துகொண்டு வந்தது. இன்ஜினுக்கு அந்தக் குரலை அடையாளமே தெரியவில்லை.

“நான்தானே சொல்லுவேன்” என்றான். “எப்பவும் நான்தானே…”

மிருதுளா மறுபடி கத்தினாள். பூங்கோதை அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்போது அவள் வாயிலிருந்து, அவள் யோசிக்காமலே, தாழ்ந்த குரலில் அது வந்தது.

“சரிங் மாமா. விடுங்க. என்மேலதான் தப்பு. நீங்க பாத்துப் போங்க.”

இன்ஜின் மூச்சு வாங்கியது போல் ஒரு சத்தம். கார் ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டு முன்னால் துள்ளியது.

வலிக்கு நடுவிலும் மிருதுளா தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தாள்.

தாமோதரன் பிரேக்கை விடுவித்தான். வளைவு கடந்தது, இன்னொன்றும் கடந்தது. மிருதுளா கத்தினாள், கார் தளர்ந்தது.

“சரிங் மாமா. விடுங்க. என்மேலதான் தப்பு.”

கார் ஏறியது.

அதற்குத் தமிழ் தெரியாது. தப்பு யார்மேல் என்று தெரியாது. அந்தக் குரல் எப்போது தணியும், தணிந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் கால் எப்போது தளரும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கிணத்துக்கடவு சாலையில் நாள்தோறும் உட்கார வைத்து அவர்கள்தான் கற்றுக்கொடுத்தார்கள். சொல்லச் சொல்ல, அந்த வார்த்தைகள் தன் நாக்குக்கு எவ்வளவு பழக்கமாக இருக்கின்றன என்று பூங்கோதை கவனித்தாள். மாமியாரைப் பற்றிய சண்டையிலும் அவள்தான் சொல்லியிருக்கிறாள். அப்பாவைப் பற்றிய சண்டையிலும் அவளே. தப்பு அவள்மேல் இல்லாத சண்டைகளிலும். முன்னால் அலுவலகம் இருக்கிறது, பின்னால் வீடு இருக்கிறது, அவன் கால் மிதித்துக்கொண்டிருக்கிறது, யாராவது முடிக்க வேண்டும்.

ஒரு வளைவில் அவன், “பூங்கோதை, நான் வந்து…” என்று ஆரம்பித்தான்.

“அண்ணா, நீ வாய மூடிட்டு ஓட்டு” என்றாள் மிருதுளா. “அண்ணி, நீங்க சொல்லுங்க.”

பூங்கோதை சொன்னாள். ஏற்றம் முடியும் தலைக்குந்தா வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

*

பெண் குழந்தை. சிறியதாக இருந்ததால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா தொடங்கி, அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். மிருதுளா மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “பாப்பா கத்துச்சா?” என்றுதான். “ஆஸ்பத்திரியே அதிர்ந்துச்சு” என்றாள் பூங்கோதை.

பைகளை எடுக்கக் கீழே வந்தபோது தாமோதரன் காருக்குள் உட்கார்ந்திருந்தான். சாவி அவன் கையில் இருந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“எப்பவும் நீதானா?” என்று கேட்டான்.

“எனக்கே ஞாபகம் இல்லீங் மாமா. அதுக்குத்தான் ஞாபகம் இருந்திருக்குது.”

“நான் எறங்கி வந்தேன்னுதான் இத்தன வருஷமா நெனச்சுட்டு இருக்கேன். பொய் சொல்லல. நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.”

“தெரியுமுங்.”

“நீ சொல்லுவ. அப்பறம் நான் ஈச்சனாரில வண்டிய நிறுத்தி உனக்குப் பூ வாங்கித் தருவேன். அந்தப் பூ மட்டும் எனக்கு ஞாபகம் இருக்குது.”

பூங்கோதை சிரிக்கப் பார்த்தாள். தொண்டை எரிந்தது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பதிவத் திறந்துக்கலாம்” என்றான். “நாலு இல்ல. எல்லாமே.”

*

மீட்டிங் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முதல் பதிவில் பூங்கோதையின் குரல் ஏறியதும் யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள். அடுத்து இன்ஜின் உறுமல், தட்டல் சத்தம், பிறகு அவளுடைய தணிந்த குரல். நான்காவது பதிவுக்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழாவதில் எல்லாரும் தங்கள் தங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமோதரன் மட்டும் தலையைக் குனியவில்லை.

“போதும், நிறுத்துங்க” என்றார் பிரபாகர். கண்ணாடியைத் துடைக்க மறந்திருந்தார். “திருத்திரலாம். ஆனா நாளாகும். அதுவரைக்கும் ஒரு அறிவிப்பு குடுக்கலாமா? ஏத்தத்துல வண்டி தளர்ந்தா, உள்ள இருக்கற பெண்கள் அந்த மாதிரி, அந்தத் தணிஞ்ச குரல்ல…”

இத்தனைக்கும் பிறகு, இன்னும் பெண்கள்தான் சொல்ல வேண்டுமாம். பூங்கோதை எழுந்தாள். அதற்கு முன்பே தாமோதரன் எழுந்திருந்தான்.

“வேண்டாங் சார். அதுக்குத் தப்பாக் கத்துக்குடுத்தது நான். என் கால்தான். பொம்பளை சத்தம் போட்டாலும் கால் அசையாம ஓட்டின வண்டி ஒண்ணாவது அதுக்குத் தெரியணும். புதுசாப் பதிவு பண்ணணும். ஆயிரம் குடும்பம் வேணும். முதல் வண்டி எங்களோடது.”

பிரபாகர் அவனையும் அவளையும் பார்த்தார். “அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் ஏத்தத்துல வண்டி நிக்கும்னு நெசத்த எழுதிப் போடுங்க” என்றாள் பூங்கோதை. “மயில்சாமி அண்ணனுக்கு மொதல்ல அனுப்புங்க.”

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மருதமலை ஏற்றத்துக்குப் போனார்கள். பதிவுக் கருவியின் பச்சை விளக்கு எரிந்தது.

“ஆரம்பி” என்றான் தாமோதரன்.

“சும்மா எப்படிங் கத்தறது?”

“சும்மா எதுக்கு? அன்னைக்கு எங்கக்கா வீட்டு சீர்ல உன்னைய நிக்க வச்சுட்டு நான் பாட்டுக்குப் போயிட்டேன்ல, அதுக்கு இன்னும் நீ கேக்கவே இல்ல.”

பூங்கோதை கேட்டாள். முதலில் மெதுவாகத்தான் தொடங்கினாள். அக்கா வீட்டிலிருந்து தொடங்கி அது பொள்ளாச்சி வரை போனது, பெரியப்பாவின் இருமல் வரை, ஈச்சனாரிப் பூ வரை போனது. அவள் குரல் கண்ணாடிகளை அதிர வைத்தது. அவன் பக்கவாட்டு முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கால் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

கார் வழக்கம்போலத் தளர்ந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவளுக்கு அந்த வார்த்தைகள் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. டிரைவர் ஜன்னல் வழியாக ஏதோ திட்டினார்.

“இன்னும் நம்ப மாட்டேங்குது” என்றான் தாமோதரன், காலை அசைக்காமல்.

“மொத நாள்தானுங்களே” என்றாள் பூங்கோதை. “ஓட்டுங்க. நான் இன்னும் முடிக்கல.”